சிறுநீரகம் தர வந்த தங்கை

9 ஜூன், திங்கள்

காலையிலேயே வெயில். பால் திரிந்துவிட்டது.

மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுக்குப் புதிய கோப்பு. நோயாளி: திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி. தருபவள்: செல்வி, ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிறாள். உறவு: பெரியப்பா மகள். உடன்பிறந்த தங்கை இல்லை, இவள்தான் எல்லாமாம். சமூகப் பணியாளர் நான் விசாரித்து எழுதினால்தான் அனுமதிக் குழுவுக்குப் போகும்.

ஆதார், குடும்ப அட்டை, வி.ஏ.ஓ. சான்று, கல்யாண ஆல்பம். கனகச்சிதம். இவ்வளவு ஒழுங்கான குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

10 ஜூன், செவ்வாய்

செல்வியிடம் தனியாக. கேட்டு முடிப்பதற்குள் பதில்.

"அண்ணனுக்கு என்ன பிடிக்கும்?"

"அரிசியும் பருப்புஞ் சோறுங்க."

படித்த பள்ளி, குலதெய்வம், எதிலும் தடுமாற்றமில்லை. ஆனால் கண் கதவுமேல். வெளியே பெஞ்சில் சரசு, "கூட வந்த அத்தை".

ஆல்பத்தைப் புரட்டினேன். இணைச்சீர்ப் படம். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குத் தங்கை முறையானவள் செய்கிற சீர். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆனால் தோழிகள் வீட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன்.

"இணைச்சீர் யாரு செஞ்சது?"

"நாந்தானுங்க."

படத்தில் மாப்பிள்ளை அருகே வேறொருத்தி. விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக:

"இத அத்தை சொல்லிக் குடுக்கலீங்களே."

சிரிப்பை இருமலாக்கினேன்.

நிஜத் தங்கை தன் சிறுநீரகத்தோடு எங்கோ சுகமாக இருக்கிறாள் போல.

11 ஜூன், புதன்

மேலாளர்: "பேப்பர் சரியாத்தானே இருக்கு மேடம்? சடங்கெல்லாம் நமக்கெதுக்கு?"

"உறவு பொய்." இரண்டே வரி, கையெழுத்து. நகல் நேரே குழுவுக்கு, பதிவுத் தபாலில்.

சந்தோஷம் அரை நாள்தான். இங்கே தடுத்தால் வேறு மாநிலம், வேறு அண்ணன். சரசுவும் முன்பு சிறுநீரகம் கொடுத்தவளாம். இப்போது மகளிர் குழுக் கடனில் தவிப்பவர்களாகப் பார்த்துத் தறிக்கூடங்களில் ஆள் பிடிக்கிறாள்.

13 ஜூன், வெள்ளி

மீன் வாங்க மறந்தேன். மருத்துவமனை வாசலில் செல்வி, கையில் ஒரு நோட்டு. சரசு எழுதிக் கொடுத்த கேள்வி பதில், பதினொரு பக்கம். அண்ணன் பெயர் வருமிடமெல்லாம் அடித்துத் திருத்தல்.

"பக்கத்துத் தறி மல்லிகாவுக்கும் இதே நோட்டுதானுங்க. அண்ணன் மட்டும் வேற. இப்ப அவளால நூல் மூட்டை தூக்க முடியல."

"அதிகாரிகிட்ட சொல்லுவியா?"

"சொல்றனுங்க. கடன் அப்படியேதான் கெடக்குது. கெடக்கட்டுமுங்க."

16 ஜூன், திங்கள்

லேசான தூறல். குழு நிராகரித்துவிட்டது. அறுவை சிகிச்சை ரத்து!

மதியம் சுகாதாரத் துறை அதிகாரி முன் விசாரணை. சரசு கையெடுத்துக் கும்பிட்டாள்: "இவள நான் பாத்ததே இல்லீங்க சாமி. நோட்டும் எனக்குத் தெரியாதுங்க."

செல்வி எழுந்தாள். "அப்புடீங்களா அத்தை? ஒப்பிக்கட்டுங்களா?"

ஒப்பித்தாள். மூச்சு விடாமல், கைகட்டி. அதிகாரி நோட்டில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஏழாம் பக்கம். "எங்கப்பா செத்தது தை மாசமுங்க."

"தையில்லடி, மாசி!" சரசு.

நோட்டில் மாசி என்றுதான் இருந்தது. சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் செல்வியிடம் கேட்டேன், அந்த ஒன்று மட்டும் எப்படி மறந்தது என்று.

"மறக்கறதுங்களா? தெரிஞ்சேதானுங்க தப்பாச் சொன்னேன்."