கடலுக்குள் போனவளை அழைத்தல்

மாசி 25, ஞாயிறு (மார்ச் 9)

மாசியிலேயே பங்குனி வெயில். கேளம்பாக்கத்தில் காற்று என்பதே இல்லை. எங்கள் மூன்றாம் மாடியிலும் இல்லை. இரத்த அழுத்தம் 140/86. பஞ்சாங்கம் வைத்த இடத்தில் இல்லை. தேடியதில் அடுக்களையில், அதன்மேல் சூடான பால் பாத்திரம். மருமகள் சுதாவிடம் சொன்னேன். "ஸாரி மாமா." அட்டையில் வட்டக் கறை.

பிற்பகல் செல்லம்மா வந்தாள். எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டுகளைப் பெருக்குபவள். இருளர் குடும்பம். கார்த்திகைப் புயலில் ஏரி உடைந்தபோது ஆடுகளை ஓட்டிவரப் போன அவள் கணவன் ஏழுமலை திரும்பவில்லை. வெள்ளம் வடிந்தபின் கருவேல முள்ளில் கிடைத்தான். இப்போது மகள் ரோஜாவுக்குத் திருமணம். மாசி மகத்துக்கு, மாமல்லபுரம் கடற்கரையில், அவர்கள் வழக்கப்படி.

"நீ வரணும் சார். அவுங்கப்பன் எடத்துல நின்னு தாலி எட்த்துக் குட்க்கணும்."

"உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இல்லையா?"

"கீறாங்க. ரோஜா உன்னத்தான் சொல்லிச்சு. சாதி சர்டிபிகேட்டுக்கு நீ மனு எயுதிக் குட்த்தல்ல, அதுலேர்ந்து அவுங்கப்பனுக்கு உன்மேல ஒரு இது."

சரி என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

அவள் போன பிறகே இடம் உறைத்தது. 26-12-2004க்குப் பின் நான் கடற்கரை மணலில் கால் வைத்ததில்லை. மனைவி விசாலத்தின் திதியைக்கூடச் செங்கல்பட்டில் குளக்கரையில்தான் கொடுக்கிறேன். கடலில் கொடுக்கலாமே என்று மகன் சில ஆண்டுகள் கேட்டான், ஓய்ந்துவிட்டான். பூசை விளக்கை நான் ஏற்றுவதும் அன்றோடு நின்றது. சுதா ஏற்றுகிறாள். நான் அந்நேரம் பால்கனியில்.

கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது?

மாசி 26, திங்கள்

மேகமூட்டம், மழை இராது. காலை நடையில் காதர் பாயிடம் விவரம் சொன்னேன். மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டவர். கடை வேனை மட்டும் விடவில்லை. "நானே இட்டுகினு போறேன் சார்" என்றார். நோன்பு மாதம், வெயிலில் அலைய வேண்டாம் என்றேன். "நோன்பு எனக்குத்தான், வண்டிக்கு இல்லியே!"

அந்த நாளைப் பற்றி நான் எழுதியதே இல்லை. எழுதிப் பார்க்கிறேன்.

மார்கழி 11. ஞாயிறு. பௌர்ணமி. மாமல்லபுரம். அவள் மணலில் முன்னே போய்விட்டாள்; நான் மேலே சாலையோரம், ஸ்கூட்டர் நிறுத்தியதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு. கடல் பின்னால் போனது. அலை போவதுபோல் அல்ல. கடல் முழுவதும் எழுந்து நடந்து போனதுபோல். கறுப்பு கறுப்பாகப் பாறைகள். யாரும் கண்டிராத கடலடி வெயிலில் மின்னிக்கொண்டு. சத்தமே இல்லை. விசாலம் என் பக்கம் திரும்பி, "இங்க வாங்களேன், வந்து பாருங்களேன்!" என்றாள். பிறகு கடலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அப்படியே நின்றாள். அது திரும்பி வந்தது.

உடல் கிடைக்கவில்லை.

இருபது ஆண்டுகளாக ஒரே கேள்வி. கைகூப்பி நின்றவளையா? சோதிடர் கர்மவினை என்றார். எதிர்வீட்டுக்காரர், நல்லவர்களை ஆண்டவன் சீக்கிரம் அழைத்துக்கொள்வான் என்றார். அவருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. காதர் பாயிடமும் கேட்டேன். "தெரியல சார்" என்றார். இன்றும் அவருடன்தான் என் காலை நடை.

மாசி 27, செவ்வாய்

சுதாவுக்குச் சளி. குழாய்க்காரன் வரவில்லை.

பஞ்சாங்கம் பார்த்தாயிற்று. மகம் நாளை, புதன். நல்ல நேரம் முற்பகல். செல்லம்மாவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னேன். "மகத்துக்குத்தான் சார் எல்லாரும் வருவோம்" என்று சிரித்தாள். முப்பத்தோராண்டு பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேதி பார்த்தவன். என்னிடம் சிரிப்பு எதற்கு என்று தெரியவில்லை.

எடுத்துக்கொள்ள: மாத்திரை, குடை, துண்டு, மாற்று வேட்டி, வெந்நீர்க் குடுவை. மணலில் விரிக்க ஏதாவது. கழற்றாமல் நடக்கத் தக்க செருப்பு.

போகாமல் இருக்க ஒரு காரணம் தேடியபடியே இந்தப் பட்டியலை எழுதினேன்.

மாசி 28, புதன்

கடும் வெயில், கீழைக்காற்று. கோவளம் தாண்டியதும் இடப்பக்கம் நீலம் தெரிந்தது. வலப்பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

முற்பகலிலேயே போய்ச் சேர்ந்தோம். கல்யாணத்தின் சுவடே இல்லை. கடற்கரை நெடுகச் சேலைகளாலான கூடாரங்கள்; சிவப்பு, பச்சை, பூப்போட்டது. மூன்று கல் அடுப்புகள், கோழிகள், குழந்தைகள். "டேய், முடிச்ச இறுக்கிப் போடுடா, பொடவ பறந்துகினு போவுது!" என்று ஒரு கிழவி கத்திக்கொண்டிருந்தாள்.

செல்லம்மா ஓடி வந்தாள். "இன்னா சார், இப்பவே வந்துட்ட?"

"மகம் இன்றுதானே?"

"இன்னிக்குத்தான். ராவு பூரா இங்க கெடந்துட்டு, வெடியச்சொல்லோதான் தாலி. அப்பத்தான ஆத்தா வருவா?"

பஞ்சாங்கத்தில் இது இல்லை.

காதர் பாய் வேனில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வந்து குந்திகினு கீறோம். எனக்கு நோன்பு, நாஸ்தா வேணாம். உங்களுக்கு இன்னா வழி?" வீட்டுக்குப் போய் விடியுமுன் வரலாம் என்றார். வேண்டாம் என்றேன். போனால் திரும்ப மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே மணல். செருப்போடு நடந்து பார்த்தேன், முடியவில்லை. கழற்றினேன். சுட்டது. கூடாரத்தில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். முதுகில் அதன் சத்தம், பகல் முழுவதும்.

செல்லம்மா கருப்பட்டித் தேநீர் கொடுத்தாள். ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க ஆத்தா கன்னியம்மா கோச்சிகினு கடலுக்குள்ள பூட்டா சார். வருசா வருசம் வந்து நாங்கதான் சமாதானம் பண்ணி வூட்டுக்கு இட்டுகினு போவணும்."

"உன் புருஷனைத் தண்ணீர்தானே கொண்டுபோயிற்று? அவளையா கூப்பிடப் போகிறாய்?"

"அதான் சார், இந்த தபா சத்தமா கூப்புடணும்."

"கோபம் இல்லையா?"

"இல்லாம? திட்டிகினேதான் கூப்புடுவேன். நம்ம வூட்டுப் பொம்பள இல்ல?" தம்ளருக்குக் கை நீட்டி, "எனக்காச்சும் ஆளு கெடச்சுது. அம்மா கெடைக்கவேயில்லன்னு பாய் சொல்லிச்சு" என்றாள். தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஆண்டவன் தண்டித்தான், சோதித்தான், அழைத்துக்கொண்டான். அவனே கோபித்துக்கொண்டு போய்விட்டான், நாம் போய் அழைக்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சூரியன் சாய்ந்தபோது காதர் பாய்க்கு மூன்று பேரீச்சம்பழமும், யாரோ கொண்டுவந்த சொம்புத் தண்ணீரும். எங்கிருந்தோ பாங்கு. நோன்பு திறந்தவர் எனக்குப் பின்னால் பார்த்தபடி அசையாமல் இருந்தார். "சார், திரும்புங்க. சும்மா ஒரு தபா."

திரும்பினேன்.

நிலவு ஏற்கெனவே கடலுக்கு மேலே. கீழே எல்லையில்லாத ஈயம். அதன் நடுவே அந்த வெளிச்சம் ஒரு சாலைபோல என் காலடி வரை. கோயிலின் கரிய முனை ஓரத்தில். கடல் இவ்வளவு பெரியதா? இருபது ஆண்டுகளில் என் மனத்தில் அது அந்த ஒரு காலையின் அளவுக்குச் சுருங்கிக் கிடந்திருக்கிறது. இரவு மாத்திரையை மறந்தேன்.

மாசி 29, வியாழன்

வீட்டில் இருந்து எழுதுகிறேன். வேட்டியெல்லாம் மணல்.

விடியற்காலை. மேகமில்லை. கரையோரம் ஈர மணலில் ஏழு படிகள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பூ, வெற்றிலை, தேங்காய். மேல் படியில் விளக்கு. காற்றில் அது அணையாமல் நின்றதே வியப்பு. உச்சியில் மஞ்சள் கயிறு. ரோஜா புதுச்சேலையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் அவளைவிட.

கீழ்வானம் வெளுத்ததும் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். செல்லம்மா தலைவிரி கோலமாய், இடுப்பளவு நீரில் நின்று அலையைக் கையால் அறைந்தாள். "ஏண்டி! எம் புருசன எட்த்துகினியே, பத்தலியா? இன்னும் இன்னாடி கோவம்? உம் பொண்ணுக்குக் கல்யாணம்டி! வாடி வூட்டுக்கு! வா ஆத்தா, வா!" நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்துகொண்டன. அழுகை, வசை, குலவை, எல்லாம் ஒன்றாக. இப்படி யாரும் கடவுளிடம் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது சூரியன். தண்ணீரிலிருந்து, ஈரத்துடன்.

"சார், தாலிய அலையில நனச்சுக் குடு" என்றார் அவர்களுடைய பூசாரி.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காதர் பாய் என் முழங்கையைப் பிடித்திருந்தார், பிறகு விட்டுவிட்டார். அந்நேரம் அலை பின்வாங்கியது. வழக்கமான பின்வாங்கல்தான், ஆனால் ஈர மணல் நெடுந்தூரம் வெளிப்பட்டு, சூரியன் முழுவதும் அதில் விழுந்து, தரை பொன்னாக எரிந்தது. ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின. ஓடவில்லை. பார்த்தேன்.

விசாலம் எதையும் கேட்டுக் கைகூப்பவில்லை. காப்பாற்று என்று கூப்பவில்லை. பார்த்தாள், கூப்பினாள். அவ்வளவுதான். நான் இத்தனை ஆண்டுகளாக, நிறைவேறாத ஒரு வேண்டுதலுக்காக அவள் சார்பில் வழக்காடிக்கொண்டிருந்தேன். அவள் வேண்டவே இல்லை.

கேள்வி தீரவில்லை. ஏழுமலை முள்ளில் கிடந்தது கிடந்ததுதான். கடல் அதே கடல்.

அலை வந்து கணுக்காலை மூடியது. வெதுவெதுப்பு. வந்து பார்த்தேன், விசாலம் என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியாது. என் கைகள் குவிந்திருந்தன, தாலிக்கயிறு நடுவே. எப்போது குவிந்தன? நேரம் குறிக்கவில்லை.

"சார்! கும்புட்டது போதும், தாலிய குடு சார்! மாப்ள வெறச்சிப் பூடுவான்!" செல்லம்மா. முகமெல்லாம் உப்பு, சிரிப்பு.

கொடுத்தேன். கட்டினான்.

திரும்பும்போது செல்லம்மாவிடம், ஆத்தா வந்தாளா என்று கேட்டேன். "தோ, வேன்ல ஏறிக் குந்திகினா, பாரு" என்றாள். காதர் பாய் உடனே பின்னிருக்கையில் கிடந்த வெங்காய மூட்டையை நகர்த்தி இடம் ஒழித்தார். கோவளம் வரை நான் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு. குளியல். இரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

மாலை சுதா விளக்கேற்ற வந்தாள். "இன்று நான்" என்றேன். விலகி நின்றாள். அலமாரி முழுவதும் தேடினேன். தீப்பெட்டி எங்கே வைக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.