ஆரத்திக் கறை

கிளியனூர்,
விளம்பி வருஷம், மாசி மாதம்.

என் மருமகள் ராஜாமணிக்கு, அத்தை அஞ்சம்மாள் தன் கையால் எழுதுவது. இங்கே மாடும் கன்றும் நலம். மல்லாட்டை பிடுங்கிக் கடலையைக் காயப்போட்டாயிற்று. வீட்டு மனுஷர்களின் நலத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். பாதியில் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிடாமல் கடைசிவரை படி.

எப்போதும் என் பிள்ளை சுப்பராயலு எழுதுவான், நான் ஓரத்தில் நாலு வரி கிறுக்குவேன். இந்தக் கடுதாசி எழுதுவது அவனுக்குத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தி மாடு மேய்க்க விட்டுவிட்டார்கள், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் என் பிள்ளையையும் உன்னையும் பற்றி எழுதுவதற்கு இன்னொருவர் கையைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

தாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து உன் கடிதம் வந்த அன்று அவன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். உனக்கு ஒரு பக்கத்து நெஞ்சில்தான் காசச் சீக்கு நிற்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதைப் படித்தபோது அவன் குரல் எழும்பிற்று. அப்புறம், விலா எலும்பை வெட்டி எடுப்பார்களாம், முழு மயக்கம்கூடக் கொடுக்க மாட்டார்களாம், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், என் உடம்பு தாங்காது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்திவிட்டான். மீதியை நான் வாங்கிப் படித்தேன். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தால் எனக்கு அதுவே போதும் அத்தை, அவருக்கு வேறு பெண் பாருங்கள், செண்பகத்தை அடிக்காதவளாகப் பாருங்கள் என்று நீ எழுதியிருந்த இடத்தில் மை கரைந்திருந்தது. நீ அழுததா, அவன் அழுததா என்று நான் கேட்கவில்லை.

முதலில் செண்பகத்தின் சங்கதி. நன்றாக இருக்கிறாள். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள் இப்போது கோழியைத் துரத்துகிறாள். கேப்பைக் களியை உருண்டையாக விழுங்க மாட்டேன் என்கிறாள், மோர் விட்டுக் கரைத்தால்தான் இறங்குகிறது. உன்னைப் போலவே நெற்றியில் சுழி. அவளைக் குளிப்பாட்டுவது, தலை வாரிப் பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவள் அப்பன்தான். நம்ப மாட்டாய். கல்யாணமான புதிதில் எந்த ஊரில் கூத்து என்றாலும் உன்னைத் தனியே விட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு ஓடினானே, அவனேதான். முதலில் பின்னிய பின்னல் வைக்கோல் பிரி மாதிரி இருந்தது. இப்போது நான் பின்னினால், "நீ இழுத்து இழுத்துப் பின்ற, புள்ளைக்கு நோவுது" என்று என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்குகிறான்.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவனைப் பார்த்துச் சின்னபொண்ணு, "ஏன் மாமா, தீட்டு கழிஞ்சிடுச்சா? பத்தியச் சோறு ஆக்கிக்கினு வரட்டுமா?" என்று கேட்டாள். பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "பூண்டுக் கொழம்பு வைம்மா, ஒடம்புக்கு நல்லது" என்றான். எனக்குத்தான் முகம் சிவந்தது, பிறகு பெருமையாகவும் இருந்தது. உன் மாமனார் தன் தாயார் எதிரில் பெற்ற பிள்ளையைத் தொட்டதுகூட இல்லை. சுப்பராயலுக்கு அம்மை போட்டபோது வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர். நல்ல மனுஷர்தான், அந்தக் காலத்து ஆண்களுக்குக் கை அப்படிக் கட்டியிருந்தது. என் பிள்ளை அந்தக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டான்.

ஒன்று சொல்லவேண்டும், நீ வருத்தப்படாதே. செண்பகம் அவனைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். சாயங்காலம் ஆனால் உன் போட்டோவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று சொல்லிக் கொடுப்பான். அது போட்டோவைப் பார்த்தால்தானே? சொல்லுகிற வாயைப் பார்த்துவிட்டு, இதுதான் அம்மா என்று முடிவுகட்டிக்கொண்டது. திருத்தடா என்றேன். "இருக்கட்டும்மா. அவ வர்ற வரைக்கும் அந்தப் பேர நான் வச்சிக்கினு இருக்கேன். வந்ததும் குடுத்துடறேன்" என்றான்.

இனி சைக்கிள் சங்கதி. திண்டிவனம் சந்தைத் திடலில் மாரியப்பன் என்று ஒருவன் வந்து இறங்கினான். ஒரு வாரம் கால் தரையில் படாமல் சைக்கிள் விடுகிற ஆள். குளிப்பது, சாப்பிடுவது, சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. ரேடியோக் குழாய் கட்டி, டியூப்லைட் போட்டு, திருவிழா மாதிரி கூட்டம். நம் சுப்பராயலு வேலை செய்கிற சைக்கிள் கடை சக்கரபாணிதான் அவனுக்குச் சக்கரம் பார்த்துக் கொடுத்தது. உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் நம் பிள்ளை, கடைசி மூன்று நாள் நானும் அவனோடு விடப்போகிறேன் என்று வந்து நிற்கிறான்.

உனக்கென்ன பைத்தியமா, பெண்டாட்டி அங்கே கிடக்கிறாள், பிள்ளை இங்கே கிடக்கிறது, உனக்கு வேடிக்கை கேட்கிறதா என்று கத்தினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒடம்பு தாங்காதுன்னு எழுதியிருக்காம்மா. தாங்கும்னு நான் வெறும் வாயால எழுதுனா நம்புவாளா? அவ எலும்ப அறுத்துக்கினு கெடக்கணும், நான் பாயில படுத்துக்கினு தைரியமா இருன்னு எழுதணுமா? தாங்குதா இல்லியான்னு நானே பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். அதிகம் படிக்காத பிள்ளையின் யோசனை. ஆனாலும் நான் குழந்தையின் துணிகளை மூட்டை கட்டினேன்.

விட்டான், ராஜாமணி. உன் புருஷன் மூன்று நாளும் விட்டான். நான் குழந்தையோடு மாரியப்பன் கொட்டகையிலேயே தங்கினேன். மாரியப்பன் நல்ல பிள்ளை, கூடவே சுற்றிக்கொண்டு, "அண்ணே, கண்ணு மூடலாம், காலு மூடக் கூடாது" என்று சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான். செண்பகம் அம்மா அம்மா என்று அழுதால், சுப்பராயலு வளைய வரும்போது ஒற்றைக் கையால் வாங்கி முன் கம்பியில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துக்கொள்வான். சுற்றிக்கொண்டே மோர்ச்சோறு ஊட்டினான். கூட்டத்தில் ஒருத்தன், "யோவ், இது சைக்கிள் ஆட்டமா, தொட்டில் ஆட்டமா?" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தை அப்பன் மாரில் சாய்ந்து தூங்கிப்போனது.

இரண்டாம் நாள் அவன் முகம் சுண்டிவிட்டது. கால் வீங்கிற்று. இறங்குடா என்று கெஞ்சினேன். தலையை மட்டும் ஆட்டினான். நடுநடுவே இருமினான். அந்த இருமல் ஐப்பசியிலிருந்தே உண்டு. மல்லாட்டை மிஷின் தூசி என்பான், நானும் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு இருந்தேன்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மேளம் கொட்டி இரண்டு பேரையும் இறக்கினார்கள். நான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டு வைத்திருந்தேன். பெற்றவள் சுற்றவேண்டும் என்று எல்லோரும் என்னை முன்னால் தள்ளினார்கள். இத்தனை ஜனத்துக்கு எதிரில் என் பிள்ளைக்கு ஆரத்தி. பரபரப்பில் தட்டு தளும்பிற்று. அவன் குனிந்து ஒரு இருமல் இருமினான். பனியனில் மார்புப் பக்கம் சிவப்பாகத் தெறித்திருந்தது. அட, ஆரத்தியைச் சிந்திவிட்டேனே என்று முந்தானையால் துடைத்தேன். பக்கத்தில் நின்றவர்களும், ஆரத்தி சிந்தினால் நல்லதுதான் ஆயா என்றார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் சொன்னது உனக்கான சேதி. "ராஜாமணிக்கு எழுதும்மா. ரெண்டாம் நாளுதான் கஷ்டம். செத்துடுவோம்னு தோணும். அதத் தாண்டிட்டா ஒடம்பே வழி விட்டுடுது." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

மறுநாள் அந்தப் பனியனுக்குச் சோப்புப் போட்டேன். ஆரத்திக் கறையில் சோப்புப் பட்டால் இன்னும் சிவக்கும், எத்தனை கல்யாணத் துணி அலசியிருக்கிறேன். இது சிவக்கவில்லை. பழுப்பாகக் கலங்கி ஓடிற்று. நீ இங்கே இருந்த கடைசி மாதம் இருமி இருமி நீ வாய் துடைத்த புடவைத் தலைப்பை அலசியவளும் நான்தானே. கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நெஞ்சைப் படம் எடுத்தோம். அவனுக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் எடுக்கச் சொன்னேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. இதை இரண்டு தடவை படித்துக்கொள். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அவனுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறதாம். ரொம்ப நாளாக இருந்திருக்கிறதாம். இவருக்கு ஆபரேஷன் செய்ய முடியாது, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். சைக்கிள் விட்டதால்தானா என்று கேட்டேன். இல்லையம்மா, அது ஏற்கெனவே உள்ளே இருந்தது, இவர் உடம்பை வருத்தியதில் வெளியே தெரிந்தது என்றார். உன்னிடமிருந்து வந்ததோ, சந்தையில் வந்ததோ, யார் கண்டது? என்னால்தான் என்று நீ நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. அந்த நெஞ்சு எனக்கு வேண்டும்.

இப்போது அவன் மாட்டுக் கொட்டகையில் படுக்கிறான். அவனாகவே போய்விட்டான். தட்டும் டம்ளரும் தனி. குழந்தையைத் தொடுவதில்லை. அது வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அம்மா, அம்மா என்று கூப்பிடுகிறது. அவன் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான். நான்தான் தலை பின்னுகிறேன். நோகிறது என்கிறது.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டான். "தெரிஞ்சா அவ கையெழுத்தே போட மாட்டாம்மா. அவருக்கே இல்லாத உசுரு எனக்கு எதுக்குன்னு படுத்துடுவா" என்றான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேறு மாதிரி நினைத்தேன். நீ போனால் புருஷன் இருக்கிறான், பிள்ளையைப் பார்த்துக்கொள்வான் என்ற தைரியத்தில்தானே கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதினாய்? அந்தத் தைரியத்தை இனி உன்னிடம் விட்டுவைக்க முடியாது, மகளே.

வருகிற வாரம் அவனை நீ இருக்கிற அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாம்பரம் வரைக்கும் நான் கூட வருவேன். ஆம்பிளைகள் வார்டு தனியாமே, வேலிக்கு அந்தப் பக்கமாமே. அவன் வந்து நிற்கும்போது அவன் கண்ணில் நீ கையெழுத்துப் போட்டவளாகப் படவேண்டும். அவன் சீக்கை நான் முன்னாலேயே எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. சைக்கிள் விட்டீர்களாமே, அதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொல். அவன் பட்ட பாட்டுக்கு அது போதும்.

பூவும் பொட்டுமாகப் போகவேண்டும் என்பது எல்லாப் பெண்களுக்கும் உள்ள ஆசைதான். எனக்கும் இருந்தது, நடக்கவில்லை. உன் மாமனார் போனபோது கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுப்பராயலு பசிக்கிறது என்று வந்து முந்தானையைப் பிடித்தான். அடுப்பு மூட்டப் போனேன். அவ்வளவுதான். வெறும் நெற்றியோடு இத்தனை வருஷம் களை வெட்டி, சோறு பொங்கி, பிள்ளையை ஆளாக்கி, பேத்தியையும் பார்த்தேன். அதுவும் ஒரு வாழ்வுதான், ராஜாமணி. கேவலம் இல்லை.

மருமகளுக்கு மாமியார் எழுதவேண்டிய ஆசீர்வாதம் என்னவென்று உனக்குத் தெரியும். மாரியம்மனிடம் என் பிள்ளைக்காக அதைத்தான் தினமும் கேட்கிறேன். ஆனால் இந்தக் காகிதத்தில் அதை எழுதக் கை போகவில்லை. எழுதினால் அவனுக்கு முன்னால் உன்னைப் போகச் சொன்னதாக ஆகிவிடும்.

ஆகையால் மகளே, சுமங்கலி என்ற சொல்லை விட்டுவிட்டு வாழ்த்துகிறேன். தீர்க்காயுசாக இரு. யார் இல்லாமல் போனாலும் நீ இரு.

உன் அத்தை,
அஞ்சம்மாள்.