தம்பிக்குச் சதை பிடித்த வாரம்

மார்ச் 3
கிடங்கில் பெட்டி அடுக்கு சரிந்து தம்பியின் வலது கால் நசுங்கிவிட்டது. எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தியாயிற்று, கால் தப்பிவிடும் என்றார்கள். தையல் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாரோ ஒருவர் சட்டைக்கு ஒரு கை பாக்கி. காத்திருக்கட்டும்.

மார்ச் 5
முகம் உப்பி, பளபளவென்று இருக்கிறான். சித்தி தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "பாரேன், இப்பதான் புள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு" என்றாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். எல்லோரும் குச்சி என்று கூப்பிடும் பையன் அல்லவா? நானும் சும்மா இல்லை. தையல்காரி புத்தி, இனி இடுப்பில் இரண்டு அங்குலம் கூட்டி வெட்டணும் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ்தான் சொன்னாள்: "சதை இல்லக்கா, நீர். ரத்தக் குழாயெல்லாம் கசியுது."

மார்ச் 6
சிறுநீர் நின்றுவிட்டது. மூச்சுக்குக் குழாய். அடிபட்டது காலில், சிறுநீரகம் என்ன பாவம் செய்தது?

டாக்டரிடமே கேட்டேன். "காயத்தை ஆத்த உடம்பே கிளப்பிவிடுற அழற்சிம்மா. அளவு மீறி எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. நல்லா இருந்த உறுப்பையும் சேர்த்து அடிக்குது."

எங்கள் வீட்டு வழக்கம்தான். ஒருவருக்குத் தலைவலி என்றால் பத்துப் பேர் உதவிக்கு ஓடிவந்து ஆளைப் படுக்கையில் தள்ளிவிடுவோம்.

மார்ச் 7
காலில் செத்துப்போன தசைதான் அழற்சியை இன்னும் தூண்டிவிடுகிறதாம். காலைத் தொடையோடு எடுத்தால் பிழைக்கலாம். உறுதி இல்லை. உடனே சொல்லணும்.

அம்மா பிடித்துக்கொண்டாள்: "நாளைக்கு அவன் முகத்துல எப்படிடி முழிப்ப?"

"முதல்ல அவன் முழிக்கட்டும்மா."

கையெழுத்துப் போட்டேன். நான் யார் அவன் காலை எடுக்கச் சொல்ல? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலையே —

மார்ச் 8
எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 13
சிறுநீர் வந்தது. பையின் அடியில் கொஞ்சம், தேநீர் நிறத்தில். அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததுபோல் சித்தி உறவு முழுக்கப் போன் போட்டுச் சொன்னாள்.

மார்ச் 19
மூச்சுக்கு வைத்த குழாயை நேற்று எடுத்தார்கள். இன்று நன்றாக விழித்திருந்தான். போர்வையைத் தடவினான். பிறகு கரகரத்த குரலில், "யாரு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"வெளிய போ."

போனேன். நடையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். கையெழுத்துப் போட்ட அன்று வராத அழுகை.

நாளைக்கும் போவேன். துரத்த வசதியாகக் கதவோரமாகவே உட்கார்ந்துகொள்வேன்.