சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் கடிதம்

கறுப்புக் கோட்டைக் கழற்றிய பிறகும் ஊருக்கெல்லாம் லோயர் ஐயாவாகவே இருந்த என் அப்பாவுக்கு,

உங்கள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். இப்போது கண்டி பஸ்ஸில் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புகழ்ந்து எழுத நிறைய இருக்கிறது. ஆனால் மனம் வேறு இடத்தில் நிற்கிறது.

செல்வராணியை ஞாபகம் இருக்கிறதா? கம்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். லயத்து வீடுகளைவிட்டு எழும்பச் சொன்ன நிர்வாகத்துக்கு எதிராக அவளுடைய அப்பாவையும் சேர்த்துப் பதினெட்டுக் குடும்பங்களுக்கு வழக்குப் போட்டுத் தடை உத்தரவும் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வழக்குதான் உங்களை மாகாண சபைக்கு அனுப்பியது என்று அங்கே இன்னும் சொல்கிறார்கள்.

சபைக்குப் போன சில மாதங்களில், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி சபை உறுப்பினர் என்று அச்சடித்த கடதாசியில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். "வழக்கு இனித் தேவையில்லை. காணி உறுதிப் பத்திரத்தைச் சபை மூலம் நான் பெற்றுத் தருவேன். என் வார்த்தையை நம்புங்கள்." நம்பினார்கள், அப்பா. அதை லாமினேட் பண்ணிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். உறுதிப் பத்திரமே கைக்கு வந்துவிட்டதாக நினைத்தார்கள். பல்லேகலயில் சபை கூடியபோது நீங்கள் பேசினீர்கள், கோரிக்கை மகஜர் கொடுத்தீர்கள். பிறகு சபை கலைந்தது. நீங்களும் போய்விட்டீர்கள். சபைக்குத் தேர்தல் இன்னும் நடக்கவில்லை.

போன மாதம் மறுபடியும் நோட்டீஸ் வந்தது. அங்கே ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். செல்வராணி உங்கள் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போயிருக்கிறாள். சிரித்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள்.

புதிதாக வழக்குப் போட்டேன். உரிமை இருந்தால் அன்றைக்கு ஏன் வாபஸ் வாங்கினார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. அதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே பதில் உங்கள் கடிதம்தான். அதைக் காட்டிச் சாட்சி சொல்லும்படி கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ்," என்றாள் செல்வராணி. "எங்கப்பா சாகுறப்பகூட லோயர் ஐயா செஞ்சு தருவாருன்னுதான் சொன்னாரு. கோர்ட்டுல வச்சு அவர கொறை சொல்ல எங்களுக்கு மனசு வரல."

"வீடு போனா எங்க போவீங்க?"

அவள் எழுந்துகொண்டாள். கடிதத்தைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

அம்மா அதைவிட மோசம். "செத்த மனுசன கூண்டுல ஏத்தப் போறியா?" என்று கேட்டவர்தான், ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றுப் பீங்கானை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அப்பா. காணி அதிகாரம் சபையின் கையில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? சட்டம் படித்தவர் நீங்கள். தெரிந்துகொண்டே எழுதினீர்களா? அல்லது அந்தக் கதிரையில் உட்கார்ந்ததும், எல்லாம் நடத்திவிடலாம் என்று நீங்களே நம்பிவிட்டீர்களா? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உறுப்பினரான பிறகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போன மனிதர் ஏமாற்றுவாரா என்று அடுத்த நிமிடமே அழுகையும் வருகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை.

நேற்று மத்தியானம் செல்வராணி மறுபடி வந்தாள். கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

"பதினெட்டு வீட்டுலயும் பேசிட்டோம். நீங்களே கேக்குறதா இருந்தா சொல்றேன் மிஸ். வேற லோயர் யாரும் கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்."

நானும் வேறு சட்டத்தரணி யாரிடமாவது இதைத் தள்ளிவிடலாமா என்றுதான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நினைவு மலர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைப் போடுவார்களோ தெரியாது. போடாவிட்டாலும் பரவாயில்லை. வழக்கின் அடுத்த தவணையில் செல்வராணி கூண்டில் நிற்பாள். உங்கள் கடிதத்தைக் காட்டி, இதை எழுதியவர் யார் என்று நான்தான் கேட்பேன். அவள் உங்கள் பெயரைச் சொல்வாள். அவர் யார் என்று நீதிபதி கேட்டால், என் அப்பா என்று நானே எழுந்து சொல்வேன். தலை குனியாமல் சொல்வேன், இது சத்தியம்.

உங்களிடம் கோபம் ஆறாத, உங்களைவிட்டு விலகவும் முடியாத
மூத்த மகள்,
தேவகி