அடுப்பு மூட்டாத பதினொரு நாள்

பிளாஸ்கும் கையுமாய் எட்டுத் தரம் என்னை எயார்போட்டில கொண்டுபோய் விட்ட என்ர அக்காவுக்கு,

லண்டன் குட்மேய்ஸில மழை. உங்கட கட்டிலில இருந்துதான் எழுதிறன். களைப்பாய் இருக்கு அக்கா. நித்திரை கொண்டெழும்பினாலும் போகாத களைப்பு. முழங்கால் நோகுது. குளிரில விறைச்ச ரெண்டு விரலும் இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கு. ஒபிசில இருந்து ஈமெயில் வந்திருக்கு, இந்த முறையும் தென்துருவப் பக்கம் போறியா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு எண்டு. மூண்டு நாளாய்த் திறந்தன், மூடினன்.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணுமே. நான் பென்குயின் எண்ணிற ஆள். பனிக்கடலுக்குள்ள ஒரு தீவு, அதில ஒரு சின்னக் குடில். நானும் எலன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரியும் மட்டும். கொண்டுபோய் இறக்கிவிட்டால் நாலு மாசத்துக்குக் கப்பல் வராது. ஒவ்வொரு கூட்டத்தையும் மூண்டு தரம் எண்ணவேணும். மூண்டு கணக்கும் கிட்டமுட்ட வராட்டித் திரும்பவும் முதலில இருந்து. "உதுக்கு ஏனடி அவ்வளவு தூரம்? இல்ஃபோர்ட் ஸ்டேசனில நிக்கிற புறாவை எண்ணன்" எண்டு பகிடி விடுவியள். விட்டுட்டு, நீங்களே வறுத்து அரைச்ச கறித்தூளை ரெண்டு பையில போட்டு, டேப் ஒட்டித் தருவியள்.

போன முறை கறித்தூளோட நிக்கேல்லை. கண்ணூறு படக்கூடாதெண்டு என்ர ஜாக்கெட்டின்ர உள் பொக்கெட்டுக்குள்ள மூண்டு செத்தல் மிளகாயை எனக்குத் தெரியாமல் வைச்சிட்டியள். அந்த மண்ணுக்கு ஒரு விதைகூடக் கொண்டுபோகக் கூடாது அக்கா. கப்பலில ஏத்த முன்னம் பொக்கெட், தையல் எல்லாம் வக்கூம் மெசின் பிடிச்சு உறிஞ்சிப் பாப்பினம். எல்லாருக்கும் முன்னால மிளகாய் விதை கொட்டுண்டுது. புதுசா வாற ஆக்களுக்கு இந்தச் சட்டத்தைப் படிப்பிக்கிறதே நான்தான்! வெக்கம் தாங்கேலாமல் துறைமுகத்தில நிண்டே போன் எடுத்து உங்களைக் கிழிச்சன். "உங்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது" எண்டன். நீங்கள் "சரி சரி, கோவிக்காதை பிள்ளை, கவனமாய்ப் போட்டு வா" எண்டனீங்கள். அதுதான் நாங்கள் கடைசியாய்க் கதைச்சது.

அப்பவே உங்களுக்குத் தெரியும், என்ன? நான் வெளிக்கிட முதல் கிழமையே, இனிச் சுகமாக்கேலாதெண்டு ஸ்கான் றிசல்ட் வந்திட்டுதெண்டு அம்மா பிறகுதான் சொன்னா. "சின்னவளுக்குச் சொல்லாதேங்கோ, பாவம், போகாமல் நிண்டிடுவாள்" எண்டு அம்மாவின்ர வாயையும் கட்டிப்போட்டியளாம். தூரத்தில இருக்கிற ஆளுக்குத் துக்கத்தை ஒளிக்கவேணும் எண்டு எங்கட சனத்துக்கு ஆர் சொல்லிக்குடுத்தது? எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை. உங்களோடயும், என்னோடயும்.

சட்டலைட் போனில அம்மாவின்ர குரல் வெட்டி வெட்டி வந்தது. "பிள்ளை... அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டாள்." வேற ஒண்டும் கேக்கேல்லை. நான் என்ன செய்தன் தெரியுமோ? சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு எண்ணப் போனன். மூண்டு தரம் எண்ணினன், மூண்டு கணக்கும் மூண்டு விதம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை.

திரும்பி வர எலன் கேட்டாள், உங்கட ஆக்கள் இப்பிடி நேரத்தில என்ன செய்வினம் எண்டு. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னன். செத்தவீட்டில அடுப்பு மூட்டமாட்டம், தகனம் முடியும் மட்டும் பக்கத்து வீடு, அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவந்து தரும் எண்டு. ஊர்க் கணக்கில ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள் எண்டுதான் என்ர மண்டையில இருந்தது. லண்டனில தகனத்துக்கு இடம் கிடைக்கவே பதினொரு நாள் செல்லும் எண்டு நான் நினைக்கேல்லை.

எலன் உடன எழும்பினாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியில போனாள். குடிலுக்குப் பின்னால காத்துக்குப் பெட்டியளை அடுக்கி மறைச்சு, பனிக்குள்ள குந்தியிருந்து சமைச்சாள். பிறகு சட்டியோட சுத்தி வந்து, தன்ர குடில் கதவைத் தானே தட்டினாள். அந்தத் தீவில எட்டு வருஷமாய் ஆரும் கதவு தட்டினதில்லை. திறந்தால், மாக்கரோனிக்குள்ள உங்கட கறித்தூளில ரெண்டு கரண்டி குவிச்சுப் போட்டுக் கொண்டுவந்து நிக்கிறாள். ஐயோ அக்கா, என்ன உறைப்பு! நாக்கு எரிய எரியச் சாப்பிட்டன். அந்த உறைப்பில தொடங்கின கண்ணீர்தான், பிறகு நிக்கவே இல்லை.

மூண்டாம் நாள் நான் போதும், உள்ளுக்குக் கொண்டுவா எண்டன். "தகனம் முடிஞ்சுதா?" எண்டாள். இல்லை எண்டன். "அப்ப சரி. உனக்கு இஞ்ச வேற அயலட்டை இருக்கோ?" எண்டிட்டுச் சட்டியைத் தூக்கினாள். பதினொரு நாளும் அப்பிடித்தான். அவளின்ர மூக்கு நுனி உரிஞ்சுபோச்சு. உங்களை எரிச்சு முடிஞ்சுதெண்டு மெசேஜ் வந்த பிறகுதான் அடுப்பு உள்ளுக்கு வந்தது. நானும் எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சன்.

ஆனால் முடியேல்லை. கப்பல் வந்து, நான் வீடு வந்து சேர இன்னும் ரெண்டு மாசம் போச்சு. குசினிக்குள்ள போனால், காஸ் குக்கரை வெள்ளைத் துணி போட்டு மூடி வைச்சிருக்கு. மற்ற ஆக்கள் சாப்பாடு கொண்டுவந்த பெட்டியள் கழுவி அடுக்கினபடி. ஆக்கள் வாறது குறைஞ்ச பிறகு அம்மா பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. எழுபத்தொன்பது வயசில! "ஏனம்மா?" எண்டு கத்தினன்.

"நீ வந்து அழேல்லையே பிள்ளை. பிறகெப்பிடிச் செத்தவீடு முடியும்?" எண்டா அம்மா.

துணியை எடுத்து, அடுப்பை மூட்டி, தேத்தண்ணி வைச்சன். குடிக்கேலாமல் ரெண்டு பேரும் குசினி நிலத்தில இருந்து குழறி அழுதம். பக்கத்துவீட்டு மனிசி சுவரால கேட்டு ஓடி வந்திட்டுது.

இப்ப அதே அம்மா, "போட்டு வா, நான் இருப்பன்" எண்டு சொல்லுறா. உங்கட குரலிலதான் சொல்லுறா அக்கா. அதாலதான் பயமாய் இருக்கு. அவவும் எதையோ ஒளிக்கிறாவோ எண்டு மருந்துப் பெட்டியைக் கிண்டிப் பாக்கிறன். "அம்மாவைச் சாட்டாதை, உனக்கு அலுத்துப்போச்செண்டு சொல்லன்" எண்டு நீங்கள் சொல்லுவியள். ஓம், அலுத்துத்தான் போச்சு. ரெண்டும் உண்மை.

இண்டைக்குக் காலமை, வரேல்லை எண்டு எழுதி அனுப்பிட்டன். எலனுக்குப் போன் எடுத்துச் சொன்னன். "இனி ஆர் எனக்கு அயலட்டை?" எண்டாள். என்ர இடத்துக்குப் போற பெட்டைக்கு ஜாக்கெட்டைக் குடுக்கவேணும். வக்கூம் பிடிக்க எண்டு உள் பொக்கெட்டை வெளியில இழுத்துப் பாத்தன். ஒண்டுமில்லை. நான் திரும்பத் திரும்பக் கையை விட்டுத் தடவினன் அக்கா.

ஒரு வாக்குத் தாறன். உங்களைக் கிழிச்ச வாயாலதான் தாறன், நம்புங்கோ. அம்மாவுக்காக இந்த வீட்டு அடுப்பை அணைக்கிற நாள் எண்டைக்கோ வரும். அண்டைக்கு அயலட்டை வந்து கதவு தட்டேக்க, திறக்கிறது நானாய்த்தான் இருப்பன்.

நீங்கள் ஒளிச்சுவைச்சுக் காப்பாத்தின,
உங்கட சின்னத் தங்கச்சி