காயாத சுவரும் சிரிலின் மெத்தையும்

சேசு மரி சூசை துணை

ரயில்வே குவாட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்
1927 ஜனவரி 20

என் அன்பிற்குரிய கணவர் ஸ்டானிஸ்லாஸ் அவர்களுக்கு கெர்ட்ரூட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் குழந்தை வெரோனிகாவும் நல்ல சுகம். வெள்ளம் அறுத்துப்போட்ட தண்டவாளத்தைக் கட்டுகிற இடத்தில் கொசு அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். கொய்னா மாத்திரையை ஒளித்து வைக்காமல் விழுங்குங்கள். உங்களை எனக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இடுப்பளவு நின்ற ஆற்றுத் தண்ணீர் வடிந்த அன்றே, சேற்றைக் காயவிடாமல் வழித்து, நல்ல தண்ணீரால் கழுவித் தள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணன் பலகைத் தடுப்புச் சுவரின் அடிப்பலகைகளைக் கழற்றித் தந்தார். உள்ளே ஊறிப்போன குப்பை, ஒரே நாற்றம். வாரிக் கொட்டியதும் காற்றுப் போக வழி கிடைத்தது. அலமாரியைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தி, உள்ளும் புறமும் காடியால் துடைத்தேன். பகலெல்லாம் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். சாயங்கால மழை வந்தால் ஜன்னலைச் சாத்தி, பின்கதவை மட்டும் திறந்துவைத்துக் கரியடுப்பு மூட்டுவேன்.

எதிர்வீட்டுச் சாந்தமேரியின் கதையைக் கேளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சாமியார் வீடு மந்திரிக்க வருகிறார் என்று, ஈரச் சுவர் மேலேயே சுண்ணாம்பு அடித்து, ஜன்னலையும் சாத்திவிட்டாள். நம் வீட்டை எட்டிப் பார்த்து, "சாமி வர்ற நேரத்துல வீட்ட இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கியே, வெக்கமா இல்லையாடி" என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. சாமியாரோ பலகையில்லாத தடுப்பின் மேலேயே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். இப்போது அவள் வீட்டுச் சுண்ணாம்பு செதில் செதிலாக உரிகிறது, அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். நேற்று வந்து, நீ எப்படிக் காயவைத்தாய் என்று கேட்டாள். ஒரு வார்த்தை குத்தாமல் சொல்லிக்கொடுத்தேன். சரி, ஒரே ஒரு வார்த்தை குத்தினேன்.

ஈரம் பார்க்க, படுக்கப் போகும்முன் நம் சுவரில் பழைய பத்திரிகைத் தாளை வைத்து, பலகையைச் சாய்த்து விடுகிறேன். முன்பெல்லாம் காலையில் தாள் துவண்டு கிடக்கும். இந்த வாரம் மொடமொடப்பாகவே இருக்கிறது. இனி நாம் சுண்ணாம்பு அடிக்கலாம்.

இதற்குமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். எதை எறிந்தாலும் சிரிலின் மெத்தையை எறியாதே, நான் வரும்வரை அப்படியே வை என்று எழுதியிருந்தீர்கள். வைக்கத்தான் பார்த்தேன். வெயில் கண்ட நாளெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டேன். மேலே காய்ந்தது, வாடை போகவில்லை. வெரோனிகா அதன்மேல் பொம்மையை வைத்து விளையாடிய அன்று சாயங்காலமே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நம் சிரில் கடைசியில் மூச்சுக்குத் தவித்தானே, அதே சீழ்க்கைச் சத்தம். மறுநாள் தையலைப் பிரித்தேன். பஞ்சு கட்டி கட்டியாய்ப் பச்சை பூத்துக் கிடந்தது. பிள்ளை போனபிறகும் அவன் படுத்த பள்ளத்தை நீங்கள் தடவிப் பார்ப்பீர்களே, எனக்குத் தெரியாதா? ஆனாலும் பஞ்சை வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டேன். எரிந்து முடியும்வரை அழுதேன். செய்தது சரிதான், இன்னொரு தரம் வந்தாலும் அதையேதான் செய்வேன். அதற்குப் பிறகு வெரோனிகாவுக்கு இழுப்பு வரவில்லை.

மேலுறையை எரிக்கவில்லை. வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி மடித்திருக்கிறேன். நீங்கள் இருக்கும் பக்கத்து மலாய்க் கம்பத்து ஊர்களில் இலவமரம் உண்டாமே. நன்றாகக் காய்ந்த பஞ்சாகப் பார்த்து வாங்கி வாருங்கள். உறையின் ஒரு பக்கத்தைத் தைக்காமல் விட்டிருக்கிறேன். அண்ணன் மெத்தையில் நான் படுக்கலாமா என்று வெரோனிகா கேட்கிறாள். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து, படுத்துக்கொள் அம்மா என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கெர்ட்ரூட்