எங்கள் இடத்தில் சம்பந்தி பெயர்

செவ்வாய்க்கிழமை.

என் மனைவியின் முட்டி ஆபரேஷனுக்காகக் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகனுடைய கம்பெனி இன்சூரன்ஸ் நம்பரைக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், இதுல உங்க பேரே இல்லையே" என்றாள். இருந்தது சம்பந்தி பெயரும் அவர் மனைவி பெயரும்.

மகனுக்குப் போன் செய்தேன். "ஒரு ஜோடியைத்தான்பா சேர்க்க விடுவாங்க. அங்க மாமாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம், அதான் மாத்தினேன். நீங்கதான் இன்சூரன்ஸே ஏமாத்து வேலைன்னு சொல்வீங்களே" என்றான்.

சொன்னேன்தான். எங்கள் பேரை எடுக்கச் சொல்லவில்லையே.

புதிதாகப் பாலிசி எடுத்தால் முட்டிக்கு இரண்டு வருடம் பொறுக்க வேண்டுமாம். மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு எழுபது வயதாக வேண்டும், இவளுக்கு அறுபத்தாறு.

ஆட்டோவில் இவள், "எனக்குப் போன வருஷமே தெரியும். நீங்க கத்துவீங்கன்னு சொல்லல" என்றாள்.

நான் கத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவள் தோசை ஊற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள். நான் சாப்பிடவில்லை.